பெட்டி வந்தது, கடை வரவில்லை

“உமது நாடு எது?” என்று கேட்டால் விடை சொல்ல யாரும் யோசிப்பதில்லை. ஆனால் பதினேழு வயது நிரம்பிய என் மருமகன் இந்தக் கேள்விக்கு விடை எழுத மாட்டாமல் ஏறத்தாழ அரைமணி நேரம் தவித்ததை, சென்ற விடுமுறையில் அலவத்துகொடயில் என் கண்ணாரக் கண்டேன்.

கண்டியிலிருந்து மாத்தளை பஸ்ஸில் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து, கடைத்தெருவுக்குப் பேர்போன அக்குறணையையும் தாண்டினால் வருவது அலவத்துகொட. யாழ்ப்பாணம் வரை நீளும் ஏ9 பெருந்தெரு அவ்வூரின் நடுவே செல்கிறது. அங்கேதான் என் தமக்கையின் வீடு. துபாயில் உத்தியோகம் பார்க்கும் சிற்றப்பா, பையன் பரீட்சையில் நல்ல பெறுபேறு வாங்கியதற்காக ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். கொன்சோல் என்று இதற்குப் பெயர். வீடு முழுவதும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மின்சாரத்தைக் கொடுத்ததும் பெட்டி விழித்தது, பெயரைக் கேட்டது, பிறந்த தேதியைக் கேட்டது, பிறகு நாட்டைக் கேட்டது. ஆங்கில அகரவரிசையில் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஸ்பெயின் வந்தது. அடுத்து ஸ்வீடன் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய நம் நாட்டைக் காணோம்!

“மாமா, எந்த நாடு என்று போடுவது?” என்றான் பையன்.

“இருக்கிற நாட்டைப் போடேன்.”

“அதுதான் இல்லையே, மாமா.”

என் அத்தான் பள்ளிக்கூடத்து ஆசிரியர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார். “அமெரிக்கா என்று போட்டுவிடு, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்று பக்கத்து வீட்டுப் பையன் யோசனை கூறினான். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. “பொய் விலாசம் எழுதித்தான் ஒரு விளையாட்டு விளையாட வேண்டுமா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

என் மருமகன் இவ்விஷயத்தில் சாதாரண ரசிகன் அல்லன். எந்தப் பெட்டி எந்த ஆண்டு எந்த நாட்டில் முதலில் விற்பனைக்கு வந்தது என்பதை, சிலர் கிரிக்கெட் ஓட்டங்களை ஒப்புவிப்பதுபோல ஒப்புவிப்பான். அவனோடு இரண்டு மாலைப்பொழுதுகள் பேசியதில், இந்தப் ‘பட்டியலில் இல்லாத நாடு’ என்ற சங்கதிக்கு நாற்பது ஆண்டுச் சரித்திரம் இருப்பதை அறிந்தேன்.

ஜப்பானிய நின்டென்டோ கம்பனி 1983 ஜூலை 15 ஆம் தேதி ‘பேமிலி கொம்பியூட்டர்’ என்ற பெட்டியை 14,800 யென் விலையில் வெளியிட்டது. அதே பெட்டி வேறு உருவத்தில் 1985-ல்தான் அமெரிக்காவை அடைந்தது. உருவம் மட்டுமா மாறிற்று? ஜப்பானியக் கசெட்டில் 60 முனைகள். அமெரிக்கக் கசெட்டில் 72. போதாக்குறைக்கு அமெரிக்கப் பெட்டியினுள்ளே ஒரு பூட்டுச் சில்லையும் வைத்தார்கள். கம்பனியின் அனுமதி பெறாத கசெட்டை அது ஓடவிடாது.

நம் நாட்டுக்கு இரண்டு பெட்டியும் முறைப்படி வரவில்லை. வந்தவை தைவான், சீனா முதலிய இடங்களில் அவற்றைப் பார்த்துச் செய்த நகல்கள். 1990-களில் வளர்ந்தவர்கள் ‘டி.வி. கேம்’ என்று சொன்னால் முகம் மலர்வதைப் பார்க்கலாம். மஞ்சள் நிறக் கசெட்டின்மேல் ‘9999 ஆட்டங்கள்’ என்று அச்சிட்டிருக்கும்; உள்ளே போய்ப் பார்த்தால் சில ஆட்டங்களே பெயரும் வரிசையும் மாறி மாறி வரும். ஆயினும் அந்தச் சிலவற்றிலே மேரியோ உண்டு, டாங்கி ஆட்டம் உண்டு, வாத்துச் சுடும் ஆட்டம் உண்டு, கொன்ட்ராவும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை. அதே கொன்ட்ரா ஐரோப்பாவில் 1990-ல் ‘புரோபொடெக்டர்’ என்ற பெயரில், மனித வீரர்களுக்குப் பதிலாக இயந்திர மனிதர்களை வைத்து வெளியாயிற்று. முறையாக விலை கொடுத்து வாங்கிய ஜெர்மானியச் சிறுவன் காணாத ஆட்டத்தை, நகல் பெட்டி வைத்திருந்த நம் பிள்ளைகள் அசல் உருவில் கண்டார்கள்!

அடுத்த தடை தொலைக்காட்சியில் இருந்தது. நம் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 ஆம் தேதி ஜப்பானிய அரசின் நன்கொடையால் தொடங்கப்பட்டது என்பது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் ஜப்பானில் வழங்கியது ‘என்.டி.எஸ்.சி.’ என்னும் முறை. இங்கே ஏற்பட்டது ஐரோப்பாவில் பரவியிருந்த ‘பால்’ முறை. (பசுவின் பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) முன்னதில் விநாடிக்கு 60 முறை படம் மாறும்; பின்னதில் 50 முறை. படங்களை எண்ணியே காலத்தை அளக்கும் ஆட்டங்கள் பல. ஆகவே 60-க்கென்று இயற்றப்பட்ட ஆட்டம் 50-ல் ஓடும்போது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். 1991-ல் வெளிவந்த ‘சோனிக்’ என்னும் முள்ளெலி, உலகத்திலேயே வேகமான பிராணி என்று விளம்பரம் செய்யப்பட்டது. ‘பால்’ நாடுகளில் அதுவும் சற்று மூச்சு வாங்கியே ஓடிற்று, அதன் பாட்டும் இழுத்துக்கொண்டே ஒலித்தது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230. எங்கள் உறவினர் ஒருவர் அங்கிருந்து ஆசையோடு கொண்டுவந்த பெட்டியை, இடையில் மாற்றி எதுவும் வைக்காமல் நேரே சுவரில் மாட்டினார். ஒரு சிறு சத்தம், ஒரு கீற்றுப் புகை, அவ்வளவுதான். அந்தப் பெட்டி பல வருஷம் அலமாரியின் மேல் அழகுப் பொருளாக இருந்தது.

1994 டிசம்பர் 3 ஆம் தேதி ஜப்பானில் சோனி கம்பனியின் பிளேஸ்டேஷன் வந்தபோது உலகம் மூன்று துண்டாயிற்று: ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா. ஒவ்வொரு தட்டிலும் அதன் துண்டைக் குறிக்கும் இரகசியக் குறி ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. குறி ஒவ்வாவிடில் பெட்டி தட்டை ஏற்காது. ‘குரோனோ கிராஸ்’ என்ற புகழ்பெற்ற ஆட்டம் ஜப்பானில் 1999-லும் அமெரிக்காவில் 2000-லும் வெளியாயிற்று. ஐரோப்பாவுக்கு 2022-ல், புதுப்பித்த பதிப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! பிரான்சுக்கும் இத்தாலிக்குமே இந்தக் கதியென்றால், நம்மை யார் நினைப்பார்கள்? பெட்டிக்குள் ஒரு சிறு சில்லை ஒட்டவைத்து இரகசியக் குறியை ஏமாற்றும் வித்தை தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு தோன்றினார்கள். நகல் தட்டு வியாபாரமும் கூடவே வளர்ந்தது. ‘அந்த நாட்டார் பணம் கொடுத்து வாங்கமாட்டார்கள்’ என்று கம்பனிகள் சொல்வதற்கு அது ஒரு சாக்கு. விற்கக் கடை இல்லாத ஊரில் யார் எப்படி வாங்குவது என்று என் மருமகன் கேட்கிறான். நியாயமான கேள்வியே, எனினும் நகல் தட்டு வாங்கியவர்கள் எல்லாரும் கடையைத் தேடி ஏமாந்தவர்கள் என்று நான் ஒப்பமாட்டேன். மலிவு என்பதற்காக வாங்கியவர்களே அதிகம்.

இன்று நிலைமை மாறிவிட்டது போலத் தோன்றும். புதிய பெட்டிகளின் மின்மாற்றிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குகின்றன. படமுறைத் தகராறும் தீர்ந்தது. நின்டென்டோ 2017-ல் வெளியிட்ட ‘சுவிட்ச்’ பெட்டி எந்த நாட்டு ஆட்டத்தையும் ஓட்டுகிறது. கண்டிக் கடைகளிலேயே பெட்டிகள் கிடைக்கின்றன. பின் என்ன குறை?

“பூட்டு பெட்டியிலிருந்து இறங்கிக் கணக்கிலே ஏறிக்கொண்டது, மாமா” என்றான் பையன். அவன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை இதுதான்.

முன்பு ஆட்டம் என்பது கையில் பிடிக்கும் பொருள். இப்பொழுது பெரும்பகுதி இணையக் கடையில் வாங்கி இறக்கிக் கொள்வது. கடைக்குள் நுழையக் கணக்கு வேண்டும். கணக்குக்கு நாடு வேண்டும். சில கம்பனிகளின் கணக்கில் ஒருமுறை எழுதிய நாட்டைப் பிறகு மாற்றவும் இயலாது. இந்தியாவுக்குரிய பற்று அட்டையை அமெரிக்கக் கணக்கு ஏற்காது. இவனுடைய பள்ளித் தோழன் ஒருவன் ஐரோப்பியத் தட்டு ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, அதன் தொடர்ச்சிப் பகுதியை மாதக்கணக்கில் சேர்த்த காசைக் கொடுத்து அமெரிக்கக் கணக்கில் வாங்கினான். இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள மறுத்துவிட்டன. முறையிடலாமென்றால், பொய் விலாசம் கொடுத்தவன் எந்த முகத்தோடு முறையிடுவது?

2024-ல் இது உலகறிந்த வழக்காயிற்று. அவ்வாண்டு பெப்ரவரியில் சுவீடன் நாட்டுக் குழு ஒன்று இயற்றிச் சோனி வெளியிட்ட ‘ஹெல்டைவர்ஸ் 2’ என்ற ஆட்டம், கணினிக்கென ‘ஸ்டீம்’ என்ற இணையக் கடையில் உலகெங்கும் விற்பனையாயிற்று. மே மாதத்தில், கணினியில் ஆடுவோரும் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கு வழங்கப்படாத நாடுகளில் ஏற்கனவே பணம் கொடுத்து வாங்கியவர்கள் திகைத்தார்கள். உடனே சுமார் 177 நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஆட்டத்தின் விற்பனை நிறுத்தப்பட்டது. நம் நாடும் அக்கணக்கு இல்லாத நாடுகளில் ஒன்று. ஆனால் நாம் மட்டும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்து உறுப்பினரான எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகியவையும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. எதிர்ப்புப் பெருகவே சில நாட்களுக்குள் சோனி தன் கட்டளையை மீட்டுக்கொண்டது. 2025 ஜனவரியில் வேறு சில கணினி ஆட்டங்களுக்கும் அக்கணக்குக் கட்டாயம் இல்லை என்றது. முதன்முறையாக, பட்டியலில் இல்லாதவர்கள் போட்ட சத்தம் பட்டியல் எழுதுபவர்களின் காதில் விழுந்தது என்று பையன் இன்னும் உற்சாகமாகச் சொல்கிறான்.

நின்டென்டோவையும் அவன் சும்மா விடவில்லை. 2025 ஜூன் 5 ஆம் தேதி வந்த ‘சுவிட்ச் 2’ ஜப்பானில் இரண்டு விலையில் விற்கப்பட்டது. பல மொழிப் பெட்டி 69,980 யென்; ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென். மலிவுப் பெட்டியில் ஜப்பானியக் கணக்கைத் தவிர வேறெதையும் இணைக்க முடியாது. தன் நாட்டவருக்குச் சலுகை செய்வது குற்றமல்ல என்றேன் நான். “அப்படியானால் நம் நாட்டவருக்குச் சலுகை செய்ய யார் இருக்கிறார்கள்?” என்று திருப்பிக் கேட்டான்.

இந்தக் கேள்வி வெறும் விளையாட்டல்ல. ஒரு புதிய ஆட்டத்தின் விலை 70 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். ஆட்டத்துக்கு 14,000 ரூபாய். அவ்வாண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாயளவை எட்டியபோது அதே ஆட்டம் 25,000 ரூபாய்க்கு மேல். மாரியோ கூடுதலாக ஓர் அடி குதித்தானா? இல்லை. மேற்சொன்ன ஸ்டீம் கடை இலங்கை, பாக்கிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், பூட்டான் ஆகியவற்றைத் தெற்காசியா என ஒரே வட்டாரமாக வகுத்திருக்கிறது. ஆட்டம் வெளியிடுவோர் விரும்பினால் இங்கே குறைந்த விலை வைக்கலாம். ரூபாயில் அன்று, டொலரில்தான். ஆயினும் நம் வருமானம் வேறு என்பதை ஒத்துக்கொண்ட ஒரு கடை. அங்கே நாட்டுப் பெயரை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, வீட்டுப் பெட்டியின் கதை என்னவாயிற்று? அத்தான் இரவு முழுவதும் யோசித்து மறுநாட் காலையில் ஒரு வழி கண்டார். சிற்றப்பா உண்மையாகவே துபாயில் வசிக்கிறார். கணக்கு அவர் பெயரில், அவர் விலாசத்தில் இருக்கட்டும். பொய் இல்லை. துபாய்க்குத் தொலைபேசி பறந்தது, கணக்குத் திறந்தாயிற்று. பையனுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் முழு மகிழ்ச்சி இல்லை. அவன் வாங்கும் ஆட்டங்கள் எல்லாம் சட்டப்படி சிற்றப்பாவுடையவை. அவர் வேலை முடிந்து ஊர் திரும்பினால் அந்த விலாசம் யாருடையது? அத்தான் அதைப் பற்றி இன்னும் யோசித்துக் கொண்டிருக்கிறார்.

நான் புறப்படுவதற்கு முந்திய மாலை, பையன் பெட்டியை அணைத்துவிட்டுப் பழைய கணினியின் முன் உட்கார்ந்தான். ‘வெண்பா’ என்றொரு ஆட்டம் 2023 ஜூலை 31 ஆம் தேதி வெளிவந்தது. டொரொன்டோ நகரத்து விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவின் ஆக்கம். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாயிடமிருந்து வந்த சமையற் புத்தகம் கறைபட்டு எழுத்தழிந்து கிடக்கிறது. விட்டுப்போன முறைகளை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். 2024-ல் பிரிட்டனின் பாப்டா நிறுவனம் முதற்படைப்புக்கான பரிசை இதற்கு அளித்தது. பெரிய கொன்சோல்கள் எல்லாவற்றிலும் இந்தத் தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அலவத்துகொடத் தமிழ்ப் பையன் தன் ஊர்ப் பெயரைச் சொல்லி அதை வாங்க முடிந்தது கணினியில்தான். நாடு என்ற இடத்தில் இலங்கை என்று எழுதி, தந்தையின் வங்கி அட்டையால் பணம் கட்டினான்.

முதற் சமையல் இட்லி. திரையில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான், ஏதோ பிசகிற்று. மீண்டும் அடுக்கினான். வெற்றிலை மடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த என் தாயார், இந்த நாட்டு வழக்குகள் எதிலும் அதுவரை வாய் திறவாதவர், நாற்காலியை முன்னுக்கு இழுத்துக் கொண்டார்.

“அப்படி வைத்தால் ஆவி எந்த வழியாய் மேலே போகும்? தட்டைத் திருப்பி வையடா” என்றார்.

பையன் திருப்பி வைத்தான்.