கணினிக் காவற்கலை பயில்வோர்க்கு

கணினிக் காவற்கலையைப் பல்கலைக்கழகத்திற் பயில விரும்பும் மாணாக்கர் சிலர், எதனை முதலிற் கற்பதென எம்மை வினவுவதுண்டு. தமிழாசிரியராகிய யாம் இதுபற்றிக் கூறப் புகுவது நகை விளைக்கலாம். எனினும், 1988 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று அவர்க்கு விடை தரும்.

அவ்வாண்டு நவம்பர் 2 ஆந் திகதி, அமெரிக்காவிலே கோர்னெல் பல்கலைக்கழக மாணவரான ரொபேட் மொரிஸ் தாம் இயற்றிய நிரலொன்றை இணையத்தில் விடுத்தார். அது தன்னைத்தானே படியெடுத்துக் கணினிக்குக் கணினி தாவிற்று. அது புகுந்த வழிகளுள் ஒன்று நுணுகி நோக்கற்பாலது. 512 எழுத்துக்களுக்கென ஒதுக்கிய இடத்தில், சேவை நிரலொன்று அளவு பாராது 536 எழுத்துக்களை ஏற்றது. நிறைந்த மரக்காலின்மேற் கொட்டிய நெல்லைப் போல, மிகுதி அயலிலுள்ள நினைவகத்திற் சிந்தி, கணினி அடுத்துச் செய்யவேண்டியதையே மாற்றிவிட்டது. மற்றொரு வழி, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்.

ஆதலால் நிரலாக்கம், பணிசெயல் முறைமை, வலையமைப்பு, கணிதம் என்பவற்றை அடியிலிருந்து கற்றோரே இத்தொழிலில் நிலைப்பர். பிறர் ஆக்கிய கருவிகளை இயக்க மாத்திரம் அறிந்தோர், மூலத்தைப் படியாது உரையை மனனஞ் செய்தோரை ஒப்பர்.

சேதம் விளைக்கும் நோக்கம் தமக்கில்லையென மொரிஸ் வாதாடியும், 1990 இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும் 10,050 டொலர் தண்டமும் பெற்றார். நம் நாட்டிலும் அனுமதியின்றிப் பிறர் கணினியுட் புகுதல், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமாம். பயிற்சிக்குப் பிறர் கணினி எதற்கு? வீட்டிலுள்ள பழைய கணினிகள் இரண்டைத் தம்முள் இணைத்தாற் போதும்.