தில்லி மாநகராட்சி: பிரிந்ததும் கூடியதும்

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், கரோல்பாகில் தமையனும், ராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் தம்பியும், யமுனைக்கு அக்கரையில் மயூர் விஹாரில் தங்கையுமாகப் பிரிந்து வாழ்வது நாம் நாள்தோறும் காணும் காட்சி. பொங்கலன்று ஒரே வீட்டில் இலை போட்டு உண்ணும் இம்மூவரும் 2012 முதல் 2022 வரை மூன்று வெவ்வேறு மாநகராட்சிகளின் குடிகளாக இருந்தார்கள் என்பது சற்று வியப்பாகவே தோன்றும். தமையன் வடதில்லி மாநகராட்சிக்கும், தம்பி தென்தில்லி மாநகராட்சிக்கும், தங்கை கீழ்த்தில்லி மாநகராட்சிக்கும் வரி செலுத்தினர். இப்பிரிவினை எவ்வாறு நேர்ந்தது, அதனால் விளைந்தது யாது, பின்னர் ஏன் மூன்றும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன என்பவற்றை இங்கே ஒருவாறு ஆராய்வோம்.

தில்லி மாநகராட்சி 1957ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1958 ஏப்ரல் 7ஆம் நாள் தோன்றியது. திருமதி அருணா ஆஸஃப் அலி அதன் முதல் மேயர். புதுதில்லி நகராட்சியும் கண்டோன்மெண்டும் நீங்கலாக, தில்லியின் 1,484 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,397 சதுர கிலோமீட்டர் அதன் பொறுப்பில் அடங்கியது. தொடக்கத்தில் பஸ், மின்சாரம், குடிநீர் ஆகிய யாவும் அதனிடமே இருந்தன. 1971இல் பஸ்ஸும், 1997இல் மின்சாரமும், 1998இல் குடிநீரும் அதன் கையை விட்டு அகன்றன. எஞ்சியவை குப்பை அகற்றுதல், ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளிகள், சில மருத்துவமனைகள், சிறு சாலைகள், பிறப்பு இறப்புப் பதிவு முதலியவை. பெருமையற்ற வேலைகள்தாம், ஆயினும் ஒரு நாள் நின்றால் நகரமே நாறிப்போகும் வேலைகள்.

இந்நகராட்சி மிகப் பெரிதாகிவிட்டது, மக்கள் அதை அணுக இயலவில்லை என்னும் வாதத்தின்மேல் 2011இல் தில்லிச் சட்டசபை திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மறு ஆண்டு மூன்று மாநகராட்சிகள் பிறந்தன. வடக்கிற்கு 104 வார்டுகள், தெற்கிற்கு 104, கிழக்கிற்கு 64. மூன்று மேயர்கள், மூன்று கமிஷனர்கள், மூன்று தலைமை அலுவலகங்கள். பெயர்ப் பலகைகளில் 'நிகம்' என்ற ஹிந்திச் சொல் மூன்று அடைமொழிகளோடு விளங்கிற்று. (மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின்மேல் ஒரு பற்று உண்டு. மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழ் பிராமிக் கல்வெட்டில் வெள்ளறை வணிகர் குழுவைக் குறிக்கும் 'நிகமம்' என்பதும் இதுவேயன்றோ!)

ஊழியர்களைப் பிரித்தார்கள், கட்டிடங்களையும் லாரிகளையும் பிரித்தார்கள். பிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. அது வருவாய். தில்லியில் சொத்துவரி விதிப்பதற்காகக் குடியிருப்புகள் ஏ முதல் எச் வரை எட்டு வகையாகப் பகுக்கப்பட்டுள்ளன. செல்வர் வாழும் மாளிகைப் பகுதிகளும் பெருங் கடைத்தெருக்களும் பெரும்பாலும் தெற்கே அமைந்தன. கிழக்கிலோ நெருக்கமான சிறு வீடுகளும், முறையான அனுமதியின்றி எழுந்த குடியிருப்புகளுமே மிகுதி. எல்லைக்கோடு வரைந்தவர்கள் நிலத்தைப் பங்கிட்டார்களேயன்றி நிலத்திலிருந்து வரும் வரியைப் பங்கிடவில்லை. குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கையில் ஒருவனுக்கு நஞ்சையையும் மற்றொருவனுக்குக் களர் நிலத்தையும் கொடுத்து, இருவரும் ஒரே அளவு கிஸ்தி கட்டுக என்று சொல்வதை ஒத்தது இது.

இதன் விளைவை முதலில் உணர்ந்தவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். மாதச் சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாயிற்று. 2015 ஜூன் மாதத்தில் கீழ்த்தில்லியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வெயில் மிகுந்த அந்நாட்களில் வீதிதோறும் குப்பை மலைபோற் குவிந்தது. 2016இலும் 2018இலும் அதே நிலை திரும்பிற்று. 2020இல், கொள்ளை நோய் உச்சத்திலிருந்த காலத்தில், வடதில்லி மாநகராட்சியின் ஹிந்து ராவ் மருத்துவமனை டாக்டர்களே சம்பளம் வேண்டித் தெருவில் அமர்ந்தார்கள். நிதிக் குழுவின் பரிந்துரைப்படி தர வேண்டியதைத் தந்துவிட்டோம் என்றது தில்லி அரசாங்கம். வந்து சேரவில்லை என்றன மாநகராட்சிகள். இருபுறமும் வெவ்வேறு கட்சிகள் ஆட்சி செய்தமையால் இவ்வழக்காடல் முடிவின்றி நீண்டது. யார் கணக்கு மெய் என்பது பெருக்குமாறு பிடித்த கைக்கு ஒரு பொருட்டன்று. அக்கைக்கு வேண்டியது முதல் தேதிச் சம்பளம்.

சாலைகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 2012இல் அறுபது அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் பொதுப்பணித் துறைக்கு மாற்றப்பட்டன. அதனினும் குறுகியவை மாநகராட்சிகளிடமே நின்றன. காகிதத்தில் இது தெளிவான விதி. நம் குடியிருப்பை அடுத்த தெரு ஒன்றில் மழைக்காலப் பள்ளம் ஒன்று விழுந்தது. ஓர் அலுவலகத்தில் முறையிட்டோம்; அகலமான சாலை, எங்களுடையதன்று என்றார்கள். மற்றோர் அலுவலகத்தில் குறுகிய சாலை என்றார்கள். இறுதியில் நாமும் அண்டை வீட்டு வங்காளி நண்பரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடா பிடித்து அளந்தோம். ஒரு கோடியில் அறுபத்திரண்டு அடி, மறு கோடியில் ஐம்பத்தெட்டு! பள்ளமோ நட்ட நடுவில் இருந்தது.

பத்தாண்டு இவ்வாறு கழிந்தபின், 2022இல் பாராளுமன்றம் மீண்டும் சட்டத்தைத் திருத்தியது. அவ்வாண்டு மே 22ஆம் நாள் மூன்று மாநகராட்சிகளும் ஒன்றாயின. வார்டுகள் 250 ஆகக் குறைந்தன. வருவாய் ஒரே பெட்டியில் விழத் தொடங்கியது நன்மைதான். ஆனால் மூன்றின் கடன்களும் அதே பெட்டியில் விழுந்தன.

டிசம்பர் 4ஆம் நாள் தேர்தல் நடந்தது. புதிய மன்றம் மேயரைத் தேர்ந்தெடுக்க மும்முறை கூடி மும்முறையும் குழப்பத்திற் கலைந்து, சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புக்குப் பின்னர் 2023 பிப்ரவரி 22 அன்றே அக்காரியத்தை முடித்தது. அடுத்து அமைய வேண்டியது நிலைக்குழு. பதினெட்டு உறுப்பினர் கொண்டது. அறுவரை மன்றமும், பன்னிருவரை மண்டலத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு மண்டலங்களும் அனுப்ப வேண்டும். இந்தத் தேர்தல் கைகலப்பிலும் வழக்கிலும் சிக்கிக்கொண்டது. நிலைக்குழு இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நேயர்கள் கேட்கலாம். ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கமிஷனர் தாமாகக் கையொப்பமிட அக்காலத்தில் இயலாதிருந்தது. நிலைக்குழுவின் இசைவு வேண்டியிருந்தது.

பல லட்சம் குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதானால் அது ஐந்து கோடியில் அடங்குமா? அடங்கவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் ஏட்டில் இருந்தது; குழந்தையின் பையில் ஏடு இல்லை. சீருடைக்கும் பைக்கும் உரிய பணத்தைக் குழந்தையின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தலாம் என்றால், ஏறத்தாழ இரண்டு லட்சம் குழந்தைகளுக்குக் கணக்கே இல்லை. வேற்று ராஜ்யத்திலிருந்து பிழைக்க வந்த தாய் தந்தையர், மாதம் ஒரு வீடு மாறுபவர்கள், உரிய சான்றுக் காகிதங்களோடு வங்கிக்குச் செல்வது எங்ஙனம்? இதைப் பிற மாநிலத்தில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. விஷயம் தில்லி ஹைக்கோர்ட்டுக்குச் சென்றது. நிலைக்குழு அமையவில்லை என்பது குழந்தைக்குப் புத்தகம் மறுக்கக் காரணமாகாது என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் கூறி, ஐந்து கோடி வரம்பைப் பாராமல் செலவிடுமாறு கமிஷனருக்கு உத்தரவிட்டது. நிலைக்குழுவோ 2025 ஜூனில்தான் தலைவரோடு முழு உருப்பெற்றது. 2022இல் முதல் வகுப்பிற் சேர்ந்த குழந்தை அதற்குள் நான்காம் வகுப்பை எட்டியிருக்கும்.

தில்லி கூடிய கதை இது. ஆனால் தமிழர் பெருந்திரளாக வாழும் மற்றொரு நகரம் இப்பொழுது பிரிந்திருக்கிறது. பெங்களூரில் 2007இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் நூற்றுப் பத்து கிராமங்களையும் சேர்த்து உண்டாக்கிய பெருநகராட்சி, 2025 செப்டம்பரில் மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகளாயிற்று. இவற்றுக்கு மேலே முதல் மந்திரியைத் தலைவராகக் கொண்ட பெருநகர ஆணையம் ஒன்றும் உண்டு. பழைய மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆகையால் இப்பிரிவினை நிகழ்ந்த நாளில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்ற உறுப்பினர் ஒருவரும் அங்கே இல்லை. கணினி நிறுவனங்கள் நிறைந்து சொத்துவரியை வாரி வழங்கும் மகாதேவபுரம் கிழக்கு மாநகராட்சியின் பங்கில் விழுந்தது. ஏனைய நான்கின் சம்பளக் கணக்கு எவ்வாறு நேராகும் என்பதைத் தில்லியின் பத்தாண்டை அறிந்தவர்கள் கவனித்து வருவார்கள். பெங்களூர் நேயர்கள் தமக்கு வரும் வரிச் சீட்டில் எந்த மாநகராட்சியின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதோடு, தம் வீதியும், தம் வீட்டுப் பணிப்பெண்ணின் குழந்தை படிக்கும் பள்ளியும் எந்த அலுவலகத்தின் பட்டியலில் உள்ளன என்பதையும் இப்பொழுதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளலாம். அளவுநாடா ஒன்றும் கைவசம் இருப்பது நல்லது.