காந்தி தாத்தா நூற்ற கல்யாணப் பரிசு

குழந்தைகளே! சொத்து எதுவும் வைத்துக்கொள்ளாத ஒருவர், இளவரசியின் கல்யாணத்துக்கு என்ன பரிசு கொடுக்க முடியும்? காந்தி தாத்தாவுக்கு இந்தச் சிக்கல் வந்தது.

1947 நவம்பர் 20-ஆம் தேதி லண்டனில் இளவரசி எலிசபெத்துக்கும் பிலிப்புக்கும் திருமணம். பிலிப்பின் தாய்மாமா மவுண்ட்பேட்டன் அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல். கொடுப்பதற்குத் தன்னிடம் ஒன்றுமே இல்லையே என்று காந்திஜி அவரிடம் வருந்தினார். உங்களிடம் ராட்டை இருக்கிறதே, நூல் நூற்று ஏதாவது செய்து கொடுங்களேன் என்று யோசனை சொன்னார் மவுண்ட்பேட்டன்.

அப்போது காந்திஜிக்கு வயது 78. நாடு பிரிந்து, டெல்லியில் கலவரம். எங்கு பார்த்தாலும் அகதிகள். அத்தனை கவலைக்கு நடுவிலும் அவர் ராட்டை சுற்றினார். அவர் நூற்ற பருத்தி நூலைக் குரோஷா ஊசியால் அழகிய பூவேலைத் துணியாகப் பின்னினார்கள். நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்ற சொற்கள்!

மணமக்களுக்கு வந்த பரிசுகள் 2,500-க்கும் மேல். பரிசுகளைப் பார்வையிட்ட மணமகளின் பாட்டி மேரி மகாராணி, இந்தத் துணியை காந்திஜி இடுப்பில் கட்டும் துண்டு என்று நினைத்து முகம் சுளித்தாராம்! காந்தி மாமனிதர் என்று பிலிப் எடுத்துச் சொன்னார்.

திருமணமாகி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. 1948 ஜனவரி 30 அன்று காந்திஜி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விரல்பட்ட நூல் மட்டும் அரண்மனையில் பத்திரமாக இருந்தது. காந்திஜி தந்த திருமணப் பரிசை எலிசபெத் மகாராணி தன்னிடம் எடுத்துக் காட்டியதை, 2022-இல் அவர் மறைந்தபோது பிரதமர் மோடி நினைவுகூர்ந்தார்.

வெள்ளகோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தறிச் சத்தம் பழக்கம். தறியில் பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடித் துணியாகும். பின்னல் வேறு வகை. ஒரே நூலை வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் அடுத்த வளையத்தை இழுப்பார்கள். திருப்பூர் பனியன் துணியும் வளையங்களால் ஆனதுதான்; அங்கே மெஷின் பின்னுகிறது.

பின்னலில் ஒரு வசதி உண்டு. கையால் பின்னிய பழைய ஸ்வெட்டரின் கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால், சரசரவென்று நூலாகப் பிரிந்து வரும். சுருள் சுருளாக இருக்கும் அதைச் சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் அலசிக் காயவைத்தால் நேராகிவிடும். தாத்தா போட்ட ஸ்வெட்டர், பாட்டிக்குச் சால்வையாகிவிடும்! நூல் அதேதான்; அதிலுள்ள நினைவும் அதேதான்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் யாராவது கையால் பின்னிய துணி இருக்கிறதா? தூக்கிப் போடுவதற்கு முன், யார் பின்னியது, யாருக்காகப் பின்னியது என்று பாட்டியிடம் கேளுங்கள். பதிலை ஒரு சீட்டில் எழுதி, அந்தத் துணியோடு மடித்து வையுங்கள்.