உங்களுக்குத் தெரியுமா? குறைந்த விலையில் லினக்ஸ் டேப்லெட்!

● ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் லினக்ஸ் பயனர்கள்தான். ஆண்ட்ராய்டின் கெர்னலே லினக்ஸ். ஆனால் அந்த டேப்லெட்டில் உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளை ஏற்றுவது எளிதல்ல. பூட்லோடரைத் திறக்க வேண்டும். அந்த மாடலுக்கென்றே டிரைவர்களும் வேண்டும். பெரும்பாலான மாடல்களுக்கு அவை கிடையாது.

● லினக்ஸுக்கென்றே தயாரான மலிவு டேப்லெட்டும் உண்டு. பைன்64 நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த பைன்டேப் 2, அப்போது விசைப்பலகையோடு சேர்த்து 159 டாலருக்கு விற்றது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. வெளிவந்தபோது அதன் வைஃபை சிப்புக்கு லினக்ஸ் டிரைவரே தயாராகவில்லை. வாங்கியவர்கள் யுஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகித்தான் இணையம் பார்த்தார்கள். நோண்டிப் பார்க்கும் ஆர்வமுள்ளவர்களுக்கு இது அருமையான கருவி. நாளைக்கே ஆபீஸ் வேலை பார்க்க வேண்டியவர்களுக்கு அல்ல.

● அப்படியானால் எதை வாங்கலாம்? இன்டெல் சிப் உள்ள பழைய விண்டோஸ் டேப்லெட்டை! 2018-இல் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கோ நல்ல உதாரணம். 10 அங்குலத் திரை. கழற்றி மாட்டும் விசைப்பலகை. இதில் 4 ஜிபி, 8 ஜிபி என இரண்டு வகை உண்டு. ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் பின்னால் கூட்ட வழியில்லை. பிரவுசரில் நாலைந்து பக்கங்களும் லிப்ரே ஆஃபீஸும் ஒன்றாக ஓட வேண்டுமென்றால் 8 ஜிபியே வாங்குங்கள். கேமரா மட்டும் லினக்ஸில் கொஞ்சம் வேலை வாங்கும். வீடியோ மீட்டிங் தினமும் உண்டு என்றால் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

● லினக்ஸுக்கு நெட்ஃபிளிக்ஸ் செயலி கிடையாது. பிரவுசரில் பார்க்கலாம், ரயில் பயணத்துக்கென்று படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. கையில் இருக்கும் படம், பாட்டு எல்லாவற்றுக்கும் வி.எல்.சி. பிளேயர் போதும். ஆண்ட்ராய்டு செயலிகள் வேண்டுமா? வேய்டிராய்ட் என்ற இலவச மென்பொருள் அவற்றில் பலவற்றை லினக்ஸுக்குள்ளேயே ஓட்டும்.

● இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸைச் சோதித்துப் பார்க்கலாம், தெரியுமா? உபுண்டு ஏற்றிய பென்டிரைவோடு கடைக்குப் போங்கள். சர்ஃபேஸ் கோவில் வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்தியபடி பவர் பட்டனை அழுத்தினால் பென்டிரைவிலிருந்தே இயங்கும். தொடுதிரை, வைஃபை, ஒலி, திரையைத் திருப்பினால் படமும் திரும்புகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். யுஎஸ்பி சி போர்ட்டில் பென்டிரைவைச் செருக ஓடிஜி இணைப்பானை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் பழைய டேப்லெட் வாங்காதீர்கள்.