ரூபஸ் குளக் காட்டின் கணக்கு

இந்தியப் படை 1990 மார்ச்சில் வெளியேறியது; பிரேமதாச அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான இணக்கம் குலையத் தொடங்கியது. அந்தக் குலைவு கல்முனைக் கரையைத் தொட்ட நாள் 1990 ஜூன் 11. கிழக்கிலுள்ள பொலிஸ் நிலையங்களைப் புலிகள் அன்று சுற்றிவளைத்து, ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு வெளியேறச் சொன்னார்கள். கல்முனை நிலையத்தார் உடனே பணியவில்லை, எதிர்த்து நின்றார்கள். ஆனால் சரணடையுங்கள் என்றுதான் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத் மூலமாகப் புலிகளோடு நடந்துவந்த பேச்சைக் காப்பாற்றிவிடலாம் என்று அரசு நம்பியது. மேலிடத்தை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் திருக்கோவில் பக்கத்து ரூபஸ் குளக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தமிழ்ப் பொலிஸார் பிரித்தெடுக்கப்பட்டனர். சிங்களவரும் முஸ்லிம்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிழக்கு முழுவதிலும் அவ்விதம் கொல்லப்பட்டவர்கள் 600 பேர் என்பது பரவலான கணக்கு. 774 என்போரும் உண்டு. உயிர் தப்பியவர்கள் மிகச் சிலர்.

ஒரு தேசத்தின் மானத்தை அளக்கப் போர்க்களத்து வெற்றி போதாது. களத்தில் எதிரியின் கையிலும் ஆயுதம் இருக்கிறது. அங்கே வீரமும் அச்சமும் கலந்தே வேலை செய்யும். எதிரி ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகுதான், வென்றவர் யார் என்பது தெரிகிறது. அந்தக் கணத்தில் கைதியின் உயிருக்கு வென்றவரின் சொல்லைத் தவிர வேறு காப்பு இல்லை. அந்தச் சொல்லை மீறுகிறவர் ஒரு மனிதரைக் கொல்வதோடு, தான் யார் பெயரால் போரிடுகிறாரோ அந்த மக்களின் வாக்கையும் சேர்த்துக் கொல்கிறார். தமிழர் ஒரு தேசம் என்று உலகின் முன் வாதிட்ட இயக்கத்துக்குத் தேசத்துக்குரிய உரிமையைக் கேட்கும்போதே தேசத்துக்குரிய கடமையும் வந்து சேர்ந்துவிட்டது. சட்டமும் அதையே சொல்கிறது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரை உள்நாட்டுப் போரில் ஈடுபடும் ஒவ்வொரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. ஆயுதத்தைக் கீழே வைத்தவரைக் கொல்வதை எவ்விடத்திலும் எக்காலத்திலும் தடுக்கிறது. ஜெனீவாவுக்குப் போகாமலும் இதை அறியலாம். தோற்று ஓடுவோர் மீது வாளோங்காத பெருமிதத்தைத் தழிஞ்சி என்று ஒரு துறையாகவே வகுத்து வைத்திருக்கிறது புறப்பொருள் வெண்பாமாலை. பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் எழுத்தறிந்தவர்கள் மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள் என்பது நம் பள்ளிவாசல்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. இந்தக் கரையில் வாழும் இரு சமூகங்களுக்குமே கைதியின் உரிமை புதிய பாடமல்ல.

பொலிஸார் அடக்குமுறை அரசின் கை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தமிழ் இளைஞர்களைச் சித்திரவதை செய்தவர்களுக்கு என்ன இரக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரவதைகள் நடந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரூபஸ் குளத்தில் பிரித்தெடுத்த முறையைப் பாருங்கள். யார் சித்திரவதை செய்தார் என்று அங்கே எவரும் விசாரிக்கவில்லை. சீருடைதான் குற்றம் என்றால், அதே சீருடையை அணிந்திருந்த தமிழ்ப் பொலிஸாரும் குற்றவாளிகளே. அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களைச் சுட்டதால், அங்கே தண்டிக்கப்பட்டது இனமே என்பது தெளிவாகிவிடுகிறது. அந்தப் பிரிப்பில் தமிழ் பேசும் முஸ்லிம் சுடப்படுவோர் பக்கம் நிறுத்தப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதற்கும், அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதற்கும் முன்னறிவிப்பு அங்கேயே இருந்தது.

கைதிகளைப் பராமரிக்கக் கெரில்லா இயக்கத்திடம் வசதி ஏது என்று இன்னொரு வாதம். இதற்கு விடையளிப்பது புலிகளின் சொந்த வரலாறே. 1994 செப்டெம்பரில் மன்னார்க் கடலில் மூழ்கடிக்கப்பட்ட சாகரவர்த்தன கப்பலின் தளபதி அஜித் போயகொட பிடிபட்டு எட்டு ஆண்டுகள் புலிகளின் காவலில் இருந்தார். சர்வதேச செஞ்சிலுவைக் குழு அவரைச் சந்தித்தது. 2002 செப்டெம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் வீடு திரும்பியவர், தன்னைக் காவல் காத்தவர்களைப் பற்றி வெறுப்பில்லாமல் பேசும் ஒரு நூலைத் தந்திருக்கிறார். எட்டு ஆண்டுகள் ஒரு தளபதியை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்த இயக்கத்துக்கு, ஜூன் 11இல் நிராயுதபாணிகளை அம்பாறை வீதியில் ஏற்றி அனுப்பவும் தெரிந்திருக்கும். வசதியின்மை என்ற சாக்கு இங்கே நிற்காது.

அரசு செய்ததைவிடவா என்பதுதான் எல்லாவற்றிலும் வலிமையான ஆட்சேபம். அதை முழுமையாகவே கேட்க வேண்டும். 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர், எவரும் தண்டிக்கப்படவில்லை. 2000 அக்டோபர் 25இல் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 27 தமிழர் கொல்லப்பட்டனர்; மரண தண்டனை பெற்றவர்களை 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2009 மே மாதம் வட்டுவாகலில் குடும்பங்களின் கண்ணெதிரே இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்கள் எங்கே என்று அந்தக் குடும்பங்கள் இன்றும் தெருவில் நின்று கேட்கின்றன. கல்முனையிலேயே, 1990 ஜூன் 20இல் இராணுவம் நுழைந்த பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது குற்றச்சாட்டு இருக்கிறது. அதை நம் ஊர்களில் வாய்விட்டுச் சொல்லாமல் ரூபஸ் குளத்தை மட்டும் பேசுவது அறமாகாது. ஆனாலும் இந்தப் பட்டியல் எவருக்கும் விடுதலைப் பத்திரம் ஆகாது. வெலிக்கடைக்காக ரூபஸ் குளத்தை மன்னித்தால், ரூபஸ் குளத்துக்காக வட்டுவாகலை மன்னிக்கச் சொல்லும் சிங்களத் தேசியவாதிக்கு என்ன பதில் சொல்வோம்? வட்டுவாகலுக்கு நீதி கேட்பவரின் குரல், ரூபஸ் குளத்துக்கும் நீதி கேட்கும்போதுதான் கனம் பெறும்.

இலங்கை அரசும் தன் மானத்தை இந்தக் காட்டிலேயே தொலைத்திருக்கிறது. சரணடையச் சொன்னது அரசு. தன் உத்தரவுக்குப் பணிந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று நீதிமன்றத்தில் நிறுவும் கடமை அதற்கே முதலில் உண்டு. இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட இதற்காகத் தண்டிக்கப்படவில்லை. அக்காலத்தில் கிழக்கில் புலிகளின் மூத்த தளபதியாக இருந்த கருணாவை 2009இல் அமைச்சராக்கினார்கள். தனக்கு இதில் தொடர்பில்லை என்கிறார் அவர். அது உண்மையா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டிய இடம் நீதிமன்றம். அமைச்சரவை அதைத் தீர்மானிக்க முடியாது. கொல்லப்பட்ட பொலிஸாரின் பெயரை மேடையில் எடுத்து, தமிழர் கேட்கும் நீதிக்குப் பதிலடியாக வீசும் அரசியல்வாதிகள் அந்தக் குடும்பங்களுக்குச் செய்தது என்ன?

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமல் போனோர் அலுவலகம், கடமையில் காணாமல் போன படையினரையும் பொலிஸாரையும் தன் வரம்புக்குள் கொண்டிருக்கிறது. ரூபஸ் குளக் காட்டில் நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடக்கட்டும். கொல்லப்பட்ட ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் வெளியிடப்படட்டும். அம்பாறை மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் செல்லும் தமிழ், முஸ்லிம் உறுப்பினர்கள் வட்டுவாகலையும் ரூபஸ் குளத்தையும் ஒரே பிரேரணையில் வைத்து, இரண்டுக்கும் விசாரணை கேட்க வேண்டும்.