கணினியின் குரல் நின்றுவிட்டால்...

வளைகுடா நாடுகளில் பொருளீட்டும் வாப்பாவின் குரலும், தொலைவூரிலிருந்து குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதின் குரலும் இன்று ஒரே கணினியின் வழியாக நம் இல்லங்களுக்குள் வருகின்றன. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடங்களும் மதரஸாக்களும் மூடப்பட்டபோது பரவிய இவ்வழக்கம், பல குடும்பங்களில் இன்றும் தொடர்கின்றது. அந்தக் கணினியின் ஓசை திடீரென நின்றுவிட்டால் பாடமும் நின்றுவிடுகின்றது. ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாட்டைத் திரையில் அசையும் உதடுகளைப் பார்த்து ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள இயலுமா?

இத்தகைய வேளையில் பெரும்பாலும் வீட்டில் இருப்போர் பெண்களும் பிள்ளைகளுமே. கணவர் கடல் கடந்திருக்க, குடும்பப் பொறுப்பை ஏற்று நடத்தும் சகோதரியிடம், "மதர்போர்டு போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும்" என்று எவரேனும் கூறிவிட்டால், மறுத்துப் பேச வழியின்றி அவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றார். வீண்விரயத்தை நம் மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கின்றது. ஆனால் எது தேவை, எது விரயம் என்று பிரித்தறிய ஓரளவேனும் விவரம் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

கணினிக்குள் ஓசை ஒரு பாதையில் பயணம் செய்கின்றது. நாம் இயக்கும் செயலியில் தொடங்கி விண்டோஸ், அதன்பின் டிரைவர் எனப்படும் சிறு மென்பொருள், பிறகு மதர்போர்டில் உள்ள ஒலிச் சில்லு, அதிலிருந்து கம்பி, கடைசியில் ஸ்பீக்கர். இவற்றுள் எங்கு அறுபட்டாலும் விளைவு ஒன்றே: மௌனம்! ஆகவே, காசு செலவாகாத இடங்களை முதலில் சோதிப்பதே அறிவுடைமை.

முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள். அதற்கு மின்சாரம் வருகின்றதா? ஒலி அளவுத் திருகு குறைக்கப்பட்டுள்ளதா? மேசைக் கணினியின் பின்புறத்தில் பச்சை நிறத் துளை ஸ்பீக்கருக்கும், இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கும் உரியவை. வீட்டைத் துப்புரவு செய்தபின் கம்பியை மாற்றிச் செருகிவிடுவது எங்கும் நடப்பதே. ஒரு ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். அதில் ஓசை வந்தால் பழுது ஸ்பீக்கரில்தான். மடிக்கணினியாயின், ஒலியை அடக்கும் விசையைப் பிள்ளைகள் அழுத்தியிருக்கவும் கூடும்.

அடுத்து, திரையின் கீழ்ப்புறம் வலப்பக்க மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தின்மீது மவுசின் வலப் பொத்தானை அழுத்தி, 'சவுண்ட் செட்டிங்ஸ்' பகுதியைத் திறவுங்கள். ஓசை எக்கருவிக்குச் செல்கின்றது என்பது அங்கே தெரியும். ஹெச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகத் தொலைக்காட்சியையோ, புளூடூத் வழியாகக் காதுக்கருவியையோ இணைத்திருந்தால், ஓசை அங்கே போய்க்கொண்டிருக்கலாம். சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும். பிற ஓசைகள் கேட்டு, வகுப்பு மட்டும் கேட்கவில்லையெனில், 'வால்யூம் மிக்ஸர்' பகுதியையும், ஸூம் போன்ற செயலிக்குள் தனியே உள்ள ஸ்பீக்கர் தேர்வையும் பாருங்கள்.

இவையாவும் சரியாக இருப்பின், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நிறுத்தி மீண்டும் இயக்குவதும் இதுவும் ஒன்றல்ல. 'ஷட் டவுன்' செய்யும்போது, விரைவாகத் தொடங்கும் பொருட்டு விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்வதுண்டு. 'ரீஸ்டார்ட்' ஒன்றே அனைத்தையும் புதிதாகத் தொடங்குகின்றது.

அதன் பின்னரே டிரைவர். 'டிவைஸ் மானேஜர்' பகுதியில் ஒலிக் கருவியின் பெயருக்கருகே மஞ்சள் குறி உள்ளதா என்று பாருங்கள். விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டதும் ஓசை நின்றிருந்தால், 'ரோல் பேக் டிரைவர்' மூலம் பழையதற்குத் திரும்பலாம். அது பயன்படாவிடில், அக்கருவியை 'அன்இன்ஸ்டால்' செய்து 'ரீஸ்டார்ட்' கொடுத்தால், பெரும்பாலும் விண்டோஸே டிரைவரை மீண்டும் நிறுவிக்கொள்ளும். டிரைவர் தேவைப்பட்டால் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே பெறுங்கள். உதவுவதாகத் தாமே தொலைபேசியில் அழைக்கும் முன்பின் அறியாதவர்களிடம் கணினியை ஒப்படைத்துவிட வேண்டாம்.

இனி, மதர்போர்டு பற்றிய அச்சத்தைத் தீர்க்கும் சோதனை. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.க்கு 'பீப்' ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கரே இருந்தது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் தனி ஒலி அட்டையை வெளியிட்டது. பிற்காலத்தில் அந்த வேலை மதர்போர்டிலுள்ள சில்லுக்கு மாறியது. அச்சில்லு பழுதானாலும் பலகையையே மாற்ற வேண்டும் என்பதில்லை! யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய ஒலிக் கருவிக்குள் தனிச் சில்லு உண்டு. தெரிந்தவர் எவரிடமேனும் யு.எஸ்.பி. ஹெட்செட் ஒன்றை இரவல் பெற்றுச் செருகி, 'சவுண்ட் செட்டிங்ஸ்' பகுதியில் அதைத் தேர்ந்தெடுங்கள். ஓசை வந்தால் விண்டோஸ் நலமே. பழுது சில்லிலோ, அதன் டிரைவரிலோ, துளையிலோதான். அச்சிறு கருவியை வாங்கினாலே காரியம் முடிந்துவிடும். அதிலும் ஓசை வராவிடில், பெரும்பாலும் கோளாறு மென்பொருளில்தான்.

அவ்வாறாயின் கடைக்காரர் கணினியை 'ஃபார்மட்' செய்ய முற்படலாம். அதற்கு முன் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அழிந்தவை திரும்பக் கிடைப்பது அரிது.

மேற்கண்ட சோதனைகளை ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டி வையுங்கள். கடைக்குச் செல்ல நேர்ந்தாலும், எவற்றையெல்லாம் சோதித்தீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். விவரம் அறிந்து பேசுபவரை ஏமாற்றுவது எளிதன்று. இன்ஷா அல்லாஹ், கடல் கடந்து உழைப்பவரின் பொருளும் காக்கப்படும். பிள்ளையின் ஓதலும் தடைப்படாது.