அண்ணனுக்கு வில்சன் நோய்... தங்கையைப் பரிசோதித்தீர்களா?

பத்து வயதுப் பிள்ளைக்குக் கண் மஞ்சளாகிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். இரண்டு வாரத்தில் தெளிகிறது. சில மாதங்களில் காமாலை திரும்பி வந்து, வயிற்றில் நீர் கோத்து, காலும் வீங்கிய பிறகுதான் ‘வில்சன் நோய்’ என்ற பெயரையே பல பெற்றோர் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

உணவில் வரும் தாமிரத்தில் உடம்புக்குத் தேவையானது போக மிச்சத்தைப் பித்தநீரில் கலந்து வெளியேற்றுவது ஈரலின் வேலை. அதற்கான புரதத்தை உருவாக்கும் ஏ.டி.பி.7.பி மரபணு, 1993-ல் கண்டறியப்பட்டது. அது பழுதானால் தாமிரம் ஈரலில் சேர்ந்து அதைச் சிதைக்கும். பிறகு மூளைக்கும் கண்ணுக்கும் பரவும். கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம் தெரியலாம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை.

என் கவலையெல்லாம் வீட்டில் இருக்கும் அடுத்த பிள்ளையைப் பற்றித்தான். கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் இந்த நோய் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இந்த மரபணுவில் 500-க்கும் மேற்பட்ட பிறழ்வுகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒரே பிறழ்வைச் சுமக்கும் உடன்பிறப்புகளிலும் ஒருவருக்கு ஈரல் கெடும். மற்றவருக்குக் கையெழுத்துக் கோணலாகும், பேச்சுக் குழறும். ஆகவே ‘அவள் நல்லாத்தானே ஓடியாடுறா’ என்பது எதற்கும் சான்றல்ல.

நன்றாக இருக்கும் குழந்தைக்கு நோயாளி முத்திரை குத்துவதா, பெண்பிள்ளைக்கு நாளை வரன் அமையுமா என்கிறார்கள். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் அறிகுறி வருமுன்பே பிடித்துவிட்டால் துத்தநாகமோ, தாமிரத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமினோ கொடுத்து ஈரலைக் காப்பாற்றிவிடலாம். மாத்திரையை ஆயுள் முழுக்க விடாமல் சாப்பிட்டால் படிப்பு, வேலை, கல்யாணம் எதுவும் தடைப்படாது. காலம் தவறினால் ஈரல் மாற்று அறுவை சிகிச்சைதான் மிஞ்சும்.

செய்ய வேண்டிய சோதனைகள் இவை: இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதத்தின் அளவு, 24 மணி நேரச் சிறுநீரில் தாமிர அளவு, கண் பரிசோதனை, மூத்தவனின் பிறழ்வு தெரிந்திருந்தால் அதற்கான மரபணுச் சோதனை. மூத்தவனை டிஸ்சார்ஜ் செய்து அழைத்துப் போகும் அன்றே, இளையவளுக்கான சோதனைச் சீட்டையும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.